பாட்டின் நடுவே ஒரு மணியொலி

சில வாரங்களுக்கு முன்னர் நீலகிரி மாவட்டம் கூடலூரிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதிய இளைஞரை நான் நேரிற் கண்டதில்லை. ஆனால், அவருடைய அம்மாயியை நன்கு அறிவேன். கேகாலை மாவட்டத்தில், தெஹியோவிட்ட நகருக்கு அண்மையிலுள்ள இறப்பர் தோட்டமொன்றில், நான் பிறந்த லயத்துக்கு எதிர் லயத்தில் குடியிருந்தவர் அந்த அம்மையார். தாலாட்டிலும் தெம்மாங்கிலும் அவரை விஞ்சியவர் எங்கள் தோட்டத்தில் அக்காலத்தில் எவரும் இருக்கவில்லை. 1982ஆம் ஆண்டில் அவருடைய குரலை ஒலிநாடாவில் பதிவு செய்திருந்தேன். அதன் பிரதியொன்றைத்தான் பேரனுக்கு அனுப்பிவைத்திருந்தேன்.

இளைஞரின் கடிதம் சுருக்கமானது.

"மாமா, அம்மாயி குரலை வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டோம். அம்மா அழுதுவிட்டார். ஒரேயொரு சந்தேகம். பதினோராவது நிமிடத்தில் பாட்டுக்கு நடுவே 'டிங்' என்று ஒரு மணி அடிக்கிறதே, அது என்ன? அந்தக் காலத்துத் தோட்டத்து மணியா?"

இல்லை. அது தோட்டத்து மணி அல்ல. என்னுடைய கணினியின் மணி.

நடந்தது இதுதான். 2003ஆம் ஆண்டில், பழைய ஒலிநாடாக்களை எல்லாம் கணினியில் ஏற்றிவிடவேண்டும் என்ற ஆர்வம் எனக்கு ஏற்பட்டது. கெசட் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கணினியில் பொருத்தினேன். பதிவு மென்பொருளைத் திறந்தேன். 'எங்கிருந்து பதிவு செய்வது' என்று அது கேட்ட இடத்தில், வெளியிலிருந்து வரும் ஒலியை மட்டும் தெரிவுசெய்யாமல், கணினியில் ஒலிக்கும் அனைத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும் வாய்ப்பைத் தெரிவு செய்துவிட்டேன். நாடா ஓடிக்கொண்டிருக்க, அதே கணினியில் மறுநாளைக்குரிய கட்டுரையைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். ஏதோ ஒரு விசையைத் தவறாக அழுத்தினேன். கணினி தன் வழக்கப்படி மணி அடித்து என்னை எச்சரித்தது. அந்த மணி அம்மையாரின் தாலாட்டுக்குள் விழுந்துவிட்டது. முழுவதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கும் பொறுமையும் எனக்கு இருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து மூல நாடாவைத் தேடி எடுத்தபோது அது பூஞ்சணம் பிடித்து, பெட்டியில் இட்டதும் அறுந்து போயிற்று. ஆகவே, அந்தக் குரலுக்கு உலகில் எஞ்சியிருப்பது மணியடித்த அந்த ஒரு பிரதி மாத்திரமே. தவறு முழுக்க என்னுடையது.

இளைஞருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு விநாடிகூட நீடிக்காத அந்த ஒலிக்குப் பின்னால் எவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது என்பது எழுத எழுதத்தான் விளங்கியது. பாட்டை நிறுத்திவிட்டு 'என்னைக் கேள்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற வரலாறு அது. அதில் பெரும்பகுதியை நான் வாழ்ந்தே கடந்திருக்கிறேன்.

தப்பும் சங்கும்

அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கிச் செல்லும் ஏ-7 நெடுஞ்சாலையில் கரவனல்லைக்கு முன்னால் வருவது தெஹியோவிட்ட. கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியாக வந்த சிறிய ரயில், 1903ஆம் ஆண்டிலிருந்து யட்டியாந்தோட்டை வரை இப்பகுதியினூடாக ஓடியது. 1942இல் அந்தக் கிளைப்பாதை மூடப்பட்டது. நாங்கள் அந்த ரயிலைக் கண்டதில்லை. ஆனால், அதன் ஊதலைக் கேட்டு நேரம் சொன்ன முதியவர்களைக் கண்டிருக்கிறோம். நுவரெலியாவைப் போலத் தேயிலை மாத்திரமே உள்ள மலைகள் அல்ல இவை. தாழ்நிலத்தில் இறப்பரும் மேட்டில் தேயிலையும், இடையிடையே சிங்களக் கிராமங்களும் கலந்திருக்கும் பிரதேசம்.

இறப்பர் மரத்தில் பால் வெட்டுவது அதிகாலை வேலை. குளிர்ந்த வேளையில்தான் மரத்தினுள் அழுத்தம் மிகுந்து பால் நன்கு சுரக்கும். வெயில் ஏறிவிட்டால் ஒழுக்குக் குறைந்துவிடும். ஆகவே விடிவதற்கு முன்னரே ஆட்களைத் திரட்டவேண்டியது தோட்ட நிருவாகத்துக்கு அவசியமாயிற்று. ஆட்களை நிரைப்படுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதை எங்கள் மக்கள் 'பெரட்டு' என்பார்கள். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லே தோட்டத்தில் அவ்வாறு வழங்கலாயிற்று. பழைய காலத்தில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பியது தப்பு. சில தோட்டங்களில் கொம்பும் ஊதப்பட்டது.

தப்பு என்பது எங்கள் மக்களின் இசைக்கருவி. மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு அது முழங்கும். திருவிழாவுக்கு ஓர் அடி, திருமணத்துக்கு வேறோர் அடி, சாவீட்டுக்கு இன்னுமோர் அடி. மலையின் அந்தப் பக்கத்தில் கேட்கும் அடியை வைத்தே இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கு நடப்பது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார்கள். கடல் கடந்து வந்த மக்கள் தங்களோடு கொண்டுவந்த மிகச் சில சொத்துக்களுள் ஒன்று அது. அதே கருவியைத்தான் துரைமார் விடியற்காலை எச்சரிக்கை மணியாக்கினார்கள். ஆடுவதற்கும் அழுவதற்கும் உரிய ஒலி, உறக்கத்தைப் பறிக்கும் ஒலியாயிற்று. மலையகத்தின் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி.வி. வேலுப்பிள்ளை (1914 - 1984) இம்மக்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டி அச்சேற்றினார். தோட்டத்து விடியலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய அவருடைய கவிதையிலும் அந்தப் பறையொலி கேட்கும்.

நான் வளர்ந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் தப்பின் இடத்தைத் தொழிற்சாலைச் சங்கு எடுத்துக்கொண்டது. சங்கு என்றால் கோயிற் சங்கன்று. நீராவியிலோ மின்சாரத்திலோ அலறும் ஊதுகுழல். ஒருவகையில் அது தப்புக்கு விடுதலை. தப்பு மீண்டும் இசைக்கருவி மாத்திரமாயிற்று. எச்சரிக்கைக்கு ஒரு வழி, இசைக்கு வேறொரு வழி. இந்தப் பிரிவினையை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் கணினிக்கு வரும்போது இதே பிரச்சினையைத்தான் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

செய்தி அறையின் மணி

கொழும்பில் நான் பணிபுரிந்த நாளிதழின் ஆசிரிய பீடத்தில், தடுப்புக்கு அப்பால் வரிசையாகத் தொலைஅச்சுப்பொறிகள் இருந்தன. நாங்கள் 'டெலிபிரிண்டர்' என்றே சொல்வோம். உலகச் செய்தி நிறுவனங்களின் செய்திகள் அவற்றில் இரவும் பகலும் அச்சாகிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்கு நாங்கள் பழகிப்போயிருந்தோம். இரவுப் பணியில் மூத்த உதவியாசிரியர் ஒருவர் மேசையில் சிறிய டிரான்சிஸ்டர் வானொலியை வைத்து, தாழ்ந்த ஒலியில் பழைய பாடல்களைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்.

டெலிபிரிண்டருக்குள் ஒரு சிறிய மணியும் உண்டு. முக்கியமான செய்தி வரும்போது அனுப்புபவர் அங்கிருந்து ஒரு குறியீட்டை அனுப்பினால், இங்கே மணி அடிக்கும். செய்தியின் முக்கியத்துவத்துக்கேற்ப அடிக்கும் எண்ணிக்கையும் கூடும். மணி ஒருமுறை அடித்தால் எவரும் அசைவதில்லை. தொடர்ந்து அடித்தால் அந்த உதவியாசிரியர் முதற் காரியமாக வானொலியின் ஒலியைத் தணித்துவிட்டு எழுந்து நடப்பார். 1984 அக்டோபர் 31ஆம் திகதி காலை, புதுடில்லியில் இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி வந்தபோது அந்த மணி விடாமல் அடித்தது இன்னும் காதில் ஒலிக்கிறது.

இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. எங்கோ இருக்கும் ஒருவர் ஓர் எழுத்தை அனுப்புவதுபோலவே ஒரு மணியொலியையும் அனுப்பலாம் என்பதுதான் அந்த ஏற்பாடு. 'அ' என்பதற்கு ஒரு குறியீடு இருப்பதைப்போல மணிக்கும் ஒரு குறியீடு. 1963இல் அமெரிக்காவில் கணினிகளுக்கும் தொலைஅச்சுப்பொறிகளுக்கும் பொதுவான குறியீட்டு அட்டவணையாக 'ஆஸ்கி' வெளியிடப்பட்டபோது, அதில் 7ஆம் இடம் மணிக்கு வழங்கப்பட்டது. இன்று நாம் தமிழ் எழுதப் பயன்படுத்தும் யூனிகோட் அட்டவணையிலும் அதே 7ஆம் இடம் அந்த மணிக்கே உரியதாக இருக்கிறது. அதாவது, நம் கணினிகளின் மணியொலி பொறியியலாளர் எவரும் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. அது செய்தி அறையிலிருந்தும் தந்தி அலுவலகத்திலிருந்தும் வந்த ஒலி. என் தொழிலின் ஒலியே திரும்பி வந்து என் ஒலிப்பதிவைக் கெடுத்தது என்றும் சொல்லலாம்.

பாட்டைத் தணித்துப் பேசிய குரல்

எச்சரிக்கை ஒலியும் இசையும் ஒரே வழியால் வரவேண்டிய நிலை முதலில் ஏற்பட்டது வானொலியிலேயே. ஒரு பெட்டி, ஓர் ஒலிபெருக்கி. பாட்டும் அதில்தான், செய்தியும் அதில்தான். 1924 பெப்ரவரி 5ஆம் திகதி பி.பி.சி. தன் நேரக்குறி ஒலிகளை ஒலிபரப்பத் தொடங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பித்து வைக்கப்பட்டது. 1949இல் அது 'ரேடியோ சிலோன்' ஆயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலை இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கேட்டு மகிழ்ந்த தலைமுறையினர் இன்றும் இருக்கிறார்கள்.

எங்கள் லயங்களில் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு வானொலிகளே இருந்தன. அறுபதுகளில் டிரான்சிஸ்டர் மலிந்த பின்னர்தான் பரவலாயிற்று. அந்த வானொலியில் பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் பேசவேண்டி வந்தால், பாட்டைப் படக்கென்று வெட்டமாட்டார். ஒலியை மெல்லத் தாழ்த்தி, தான் சொல்லவேண்டியதைச் சொல்லி, மீண்டும் உயர்த்துவார். குறுக்கிடுவதிலும் ஒரு நாகரிகம் இருந்தது.

ஆனால், நாகரிகம் பார்க்க நேரமில்லாத குறுக்கீடுகளும் வந்தன. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கேகாலை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பாட்டு நின்று ஊரடங்குச் சட்ட அறிவித்தல் வரும். 1977 ஓகஸ்ட்டிலும் 1983 ஜூலையிலும் அப்படியே. அந்த அறிவித்தல்களைக் கேட்பதற்காகவே வானொலியை மூடாமல் வைத்திருந்தோம். பாட்டைக் கேட்பதற்காக அன்று. பாட்டு எப்போது நிற்கும் என்று கேட்பதற்காக. சப்ரகமுவத் தோட்டங்களில் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி வாழ்ந்த எங்களுக்கு, பாட்டு நிற்காமல் ஓடுவதே நல்ல செய்தியாக இருந்தது.

கணினிக்குள் நுழைந்த மணி

1981 ஓகஸ்ட்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது அதனுள்ளே ஒரு சிறிய ஒலிபெருக்கி இருந்தது. 'பீப்' என்று கத்துவதே அதன் முக்கிய வேலை. இசை கேட்பதற்கு அதை எவரும் நாடவில்லை. ஆகவே குறுக்கிடுவதற்கு இசையே இருக்கவில்லை.

1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் ஒலி அட்டையை வெளியிட்டது. அதன் பின்னர் கணினியில் இசை உண்மையான இசையாகக் கேட்கத் தொடங்கிற்று. அப்போது இரண்டு வழிகள் இருந்தன: எச்சரிக்கைக்குப் பெட்டிக்குள் உள்ள சிற்றொலிபெருக்கி, இசைக்கு ஒலி அட்டை. எங்கள் தோட்டத்தில் சங்கும் தப்பும் பிரிந்து நின்றதைப்போல.

1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1 எச்சரிக்கை ஒலிகளையும் ஒலி அட்டை வழியாக அனுப்பத் தொடங்கியது. 'டிங்' என்ற ஒலியைக் கொண்ட கோப்பும் அதனோடு வந்ததே. இரண்டு வழிகள் ஒன்றாயின. ஆயினும், அக்காலத்து ஒலி அட்டைகள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்கே இடங்கொடுத்தன. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் மணி அடிக்க இயலாது. பாட்டு முந்திக்கொண்டால் பாட்டுக்கே இடம். 1998ஐ ஒட்டி, பல மென்பொருள்களின் ஒலிகளை இயங்குதளமே ஒன்றாகக் கலந்து தரும் முறை விண்டோஸில் வந்தது. எல்லோரும் அதை முன்னேற்றம் என்று வரவேற்றார்கள். முன்னேற்றம்தான். ஆனால், அன்றிலிருந்துதான் பாட்டின் மேல் மணி விழத் தொடங்கியது.

எச்சரிக்கை ஒலி இசையா, இல்லையா என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்ற கதையும் உண்டு. பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'அப்பிள் கோர்' நிறுவனத்துக்கும் அப்பிள் கணினி நிறுவனத்துக்கும் பெயர் தொடர்பாக 1981இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கணினி நிறுவனம் இசைத் தொழிலில் இறங்கக் கூடாது என்பது அதன் சாரம். கணினிகள் இசையெழுப்பத் தொடங்கியதும் 1989இல் வழக்கு வந்தது. அக்காலத்தில் அந்நிறுவனத்தில் ஒலிகளை உருவாக்கிய ஜிம் ரீக்ஸ், தன் எச்சரிக்கை ஒலியொன்றுக்கு இட்ட பெயர் இசையைக் குறிப்பதுபோல் இருப்பதாகச் சட்டத்தரணிகள் ஆட்சேபித்தனர். அவர் 'சோசுமி' என்று பெயரை மாற்றி, அது ஒரு ஜப்பானியச் சொல் என்று கூறிவிட்டார். உண்மையில், 'வேண்டுமானால் என் மேல் வழக்குப் போடு' என்பதற்கான ஆங்கில வாக்கியத்தைச் சேர்த்து உச்சரித்தால் வருவதே அது. 1991இல் வெளிவந்த அப்பிள் இயங்குதளத்தோடு அந்த ஒலி உலகமெங்கும் சென்றது.

இதற்கு நேர்மாறான கதை விண்டோஸ் 95இன் தொடக்க ஒலி. அதை இயற்றியவர் புகழ்பெற்ற இசையமைப்பாளர் பிரையன் ஈனோ. ஒரு சில விநாடி நீளமுள்ள அந்த ஒலிக்காக எண்பதுக்கும் மேற்பட்ட துணுக்குகளைச் செய்து பார்த்ததாக அவர் கூறியிருக்கிறார். 2025இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் அதனைச் சேர்த்துக்கொண்டது. ஒரு நாட்டில் கணினியின் ஒலிக்குப் பேழையில் இடம் கிடைக்கிறது. தெஹியோவிட்டத் தோட்டத்துத் தாலாட்டுக்கு என்னைப்போன்ற கவனமற்ற ஒருவரின் மேசைதான் கிடைத்தது.

மணியை அடக்கும் வழிகள்

பாட்டைக் கெடுக்காமல் மணியை அடக்க என்ன செய்யலாம்? வாசகர்களுள் பலரிடம் தாய் தந்தையரின் குரல்கள் பழைய நாடாக்களில் இருக்கக் கூடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எளிய வழி, இயங்குதளத்தின் ஒலி அமைப்புகளுக்குச் சென்று, எச்சரிக்கை ஒலிகள் எதுவுமே வேண்டாம் என்ற திட்டத்தைத் தெரிவு செய்வது. ஆனால், அது எல்லா மணிகளையும் ஒரேயடியாக ஊமையாக்குவது.

அதைவிட நல்ல வழி 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. ஒவ்வொரு மென்பொருளின் ஒலியையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இடமளிக்கும் கலப்புப் பலகை அது. கணினியின் சொந்த ஒலிகளுக்கும் அதில் தனி இடம் உண்டு. பாட்டை அப்படியே விட்டு, அதை மாத்திரம் கீழே இறக்கிவிடலாம். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும் இத்தகைய வசதி உண்டு. 2009இல் வந்த விண்டோஸ் 7, இணையவழி அழைப்பு வரும்போது ஏனைய ஒலிகளை 80 சதவீதம் தாழ்த்தும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. பழைய வானொலி அறிவிப்பாளரின் நாகரிகத்தை இயந்திரம் கற்றுக்கொண்டது என்று இதனைக் கொள்ளலாம். அழைப்புக்காகக்கூடப் பாட்டுத் தாழவேண்டாம் என்போர் 'எதுவும் செய்யாதே' என்று அதற்குக் கட்டளையிடலாம்.

என் அனுபவத்தில் மிகச் சிறந்தது, வழிகளை மீண்டும் பிரித்துவிடுவதே. யூ.எஸ்.பி. வழியாகப் பொருத்தும் தனி ஒலிக்கருவி ஒன்றை வாங்கி, இசை மென்பொருளை அதற்குத் திருப்பிவிடுங்கள். மணிகள் கணினியின் சொந்த ஒலிபெருக்கியில் அடிக்கட்டும். அப்பிள் கணினிகளில் எச்சரிக்கை ஒலிகள் எந்தக் கருவியில் ஒலிக்கவேண்டும் என்பதைத் தனியாகவே குறிப்பிடலாம். சில இசை மென்பொருள்களில் ஒலிக்கருவியைத் தனக்கு மாத்திரம் எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு. அதை இயக்கினால் வேறெந்த ஒலியும் அந்தக் கருவிக்குள் நுழைய முடியாது.

பழைய நாடாக்களைக் கணினியில் ஏற்றுபவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். பதிவுக்கான மூலத்தை வெளிக்கருவி என்று மட்டும் தெரிவு செய்யுங்கள். இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். நாடா ஓடும்போது கணினியில் வேறு வேலை செய்யாதீர்கள். எழுந்து சென்று தேநீர் அருந்துங்கள். சுருக்கப்படாத கோப்பாகச் சேமியுங்கள். முழுவதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கும்வரை மூல நாடாவைக் கண்போல் காத்துவையுங்கள். கேட்ட பின்னரும் எறிந்துவிடாதீர்கள்.

மறிக்கக் கூடாத மணி

எல்லா மணியையும் அடக்கிவிடலாமா என்றால், கூடாது என்பதையும் எங்கள் பிரதேசமே சொல்லித் தந்தது.

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். அதே நாளில் புளத்கொகுபிட்டியவில் தோட்டத் தொழிலாளர் லயங்களும் மண்ணுக்குள் புதைந்தன. அதன் பின்னர் மழைக்காலம் தோறும் மண்சரிவு எச்சரிக்கைப் பட்டியல்களில் தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டை, தெரணியகல என்ற பெயர்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்துவிட்டாலோ வெளியேறிவிடவேண்டும். அந்த மூன்றாவது எச்சரிக்கை ஒருவரது காதில் விழும் வேளையில் அவர் என்ன பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலும் அது நிற்கத்தான் வேண்டும். மலைச்சரிவில் உள்ள லயத்தில், இரவில், கூரைத் தகரத்தில் மழை இரையும்போது, அந்த எச்சரிக்கை அவருக்குப் புரிகின்ற தமிழில் ஒலிக்கவும் வேண்டும். 2023இல் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் கைப்பேசிகளுக்கு ஒரே நேரத்தில் அவசர எச்சரிக்கை அனுப்பிச் சோதனை செய்தார்கள். பலர் திடுக்கிட்டார்கள்; சிலர் எரிச்சலடைந்தார்கள். திடுக்கிடச் செய்வதே அந்த ஒலியின் வேலை.

ஆகவே, மணியே கூடாது என்பதல்ல என் வாதம். மணி அடிப்பவர் யார், யாருக்காக அடிக்கிறார் என்பதே கேள்வி. பெரட்டுச் சங்கு தோட்டத்தின் இலாபத்துக்காக ஒலித்தது. அதை நிறுத்தும் உரிமை கேட்பவர்களுக்கு இருக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை கேட்பவரின் உயிருக்காக ஒலிப்பது. கணினியின் மணிகளில் பெரும்பாலானவை இரண்டுமல்ல. தவறான விசையை அழுத்தியதைச் சொல்லவும், ஏதோ ஒரு நிறுவனம் நம் கவனத்தைத் தன் பக்கம் திருப்பவும் அடிக்கப்படுபவை அவை. அவற்றை நிறுத்தும் உரிமை நம் கையில் இருக்கிறது. இருந்தும் நாம் பயன்படுத்துவதில்லை. நான் பயன்படுத்தவில்லை.

மிச்சப் பாட்டு

இனி, அந்தப் பதிவுக்குத் திரும்புவோம். பதினோராவது நிமிடத்தில் 'டிங்'. பதினான்காவது நிமிடத்தில் வேறோர் ஒலி இருக்கிறது. தொலைவிலிருந்து மெல்ல எழுந்து நீண்டு ஒலிக்கும். இளைஞர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. காற்றின் ஓசை என்று நினைத்திருக்கலாம். அதுதான் தொழிற்சாலைச் சங்கு.

1982இல் நான் விடுமுறையில் தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். பகலெல்லாம் மலையில் வேலை; அந்தியில் அடுப்பும் பிள்ளைகளும். பாட நேரம் ஏது என்றார் அம்மையார். கடைசியில், பெரட்டுக்கு முன்னால் விடியற்காலையில் பாடித் தருவதாகச் சம்மதித்தார். விளக்கொளியில் திண்ணையில் உட்கார்ந்து, மகளுக்கு முன்பு பாடிய தாலாட்டைப் பாடினார். ஓர் அடியின் நடுவே சங்கு ஊதிற்று. அவர் நிறுத்திவிட்டார். "சங்கு ஊதிருச்சு தம்பி. மிச்சத்த அந்திக்குப் பாடுறேன்" என்று அவர் சொல்வதும், பாத்திரமொன்றை எடுக்கும் ஓசையும் பதிவில் இருக்கின்றன. அன்று நண்பகலில் அலுவலகத்திலிருந்து தந்தி வந்தது. நான் பஸ் ஏறிக் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன்.

1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை வழங்குவதென்றும் ஆட்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது. அந்தக் குடும்பம் இந்தியாவுக்குரிய பங்கில் இருந்தது. போவதற்கு மனமில்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தவர்களை 1983 ஜூலை போகவைத்தது. அவ்வாண்டின் இறுதியில் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். நீலகிரியில் மீண்டும் தேயிலைத் தோட்டம். அம்மையாரை நான் பிறகு காணவில்லை. மிச்சப் பாட்டு மிச்சமாகவே நின்றுவிட்டது.

இளைஞருக்கு இவை அனைத்தையும் எழுதினேன். அதற்கு முன்னர் மூன்று நாட்கள் உட்கார்ந்து, ஒலியை வரைபடமாகக் காட்டும் மென்பொருளில், 'டிங்' ஒலியின் கோடுகளை மாத்திரம் தேடிப் பிடித்து அழித்தேன். முற்றாகப் போகவில்லை. கூர்ந்து கேட்டால் அந்த இடத்தில் குரல் சற்று மங்குவது தெரியும். சங்கொலியையும் அவ்வாறே நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. 'டிங்' என் கவனக்குறைவு. அந்தப் பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சங்கு அம்மையாரின் வாழ்க்கை. அதை அழித்தால் அவர் ஏன் நிறுத்தினார் என்பது எவருக்கும் விளங்காது.

இரண்டு நாட்களில் பதில் வந்தது.

"மாமா, அந்தச் சங்குச் சத்தத்தைக் கேட்டதும் அம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது முடிந்த இடத்திலிருந்து அவரே பாடத் தொடங்கிவிட்டார். மிச்சப் பாட்டு அம்மாவுக்குத் தெரியும். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்து அனுப்புகிறேன்."

பதிவு செய்வதற்கு முன்னர் கைப்பேசியின் மணிகளை எல்லாம் நிறுத்திவிடும்படி உடனேயே பதில் எழுதினேன்.